இன்னொருவர் கையெழுத்துக்காக எழுதிய கடிதங்கள்

காரைக்குடியை அடுத்த ஓர் ஊரிலிருந்து 37 வயதுச் சகோதரி ஒருவர் ஏழு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியவற்றை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

தனியார் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் 12 ஆண்டு 8 மாதமாக வேலை பார்க்கிறார். சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ், ஊழியர் வருகை, கல்வித் துறைக்குப் போகும் கடிதங்கள், கட்டட உரிமம் புதுப்பிப்பது என்று எல்லாம் அவர் மேசையைத் தாண்டித்தான் போகின்றன. சம்பளம் 17,500 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 13,000. பிளஸ் டூ முடித்தவுடன் திருமணம். பிறகு அழகப்பா பல்கலைக்கழகத்தில் தொலைதூரக் கல்வியில் பி.காம்., 61 சதவீத மதிப்பெண். கணவர் புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் கணக்கர், சம்பளம் 24,000. மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. மாமியார் உடன் இருக்கிறார்.

சென்ற ஆண்டு பள்ளியின் விளையாட்டுத் திடலில் தமக்கும் பங்கு உண்டு என்று பக்கத்து நிலக்காரர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். அதில் குறிப்பிட்ட சர்வே எண்ணின் உட்பிரிவே தவறு என்று கண்டுபிடித்தவர் இந்தச் சகோதரி. பழைய கிரயப் பத்திரத்தையும் பட்டாவையும் ஒப்பிட்டுப் பதிலையும் வரைந்து கொடுத்திருக்கிறார். அந்த வரைவு ஏறக்குறைய வரி மாறாமல் பள்ளி வழக்கறிஞரின் பதில் நோட்டீஸாகப் போனது. எதிர்த்தரப்பு அத்துடன் அடங்கிவிட்டது. ஆண்டு விழா மேடையில் தாளாளர் வழக்கறிஞருக்குப் பொன்னாடை போர்த்தினார். பொன்னாடைகளைத் தட்டில் அடுக்கி மேடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர் இவர். அடுத்த வாரம் வேறொரு கோப்பில் தம் கருத்தைச் சொன்னபோது, "டைப் அடிக்கச் சொன்னதை மட்டும் அடியுங்கள்" என்று பதில் வந்திருக்கிறது.

சட்டம் படித்து வழக்கறிஞராக வேண்டும் என்பது அவர் ஆசை. 30 வயதுக்கு மேல் சேர முடியாது என்கிறார்களே, தொலைதூரப் பட்டம் செல்லுமா, வேலையை விடாமல் படிக்க வழி உண்டா, வெளிமாநிலக் கல்லூரி ஒன்றில் பணம் கட்டினால் தேர்வுக்கு மட்டும் போனால் போதும் என்று ஒருவர் சொல்கிறாரே, முடித்தபின் நீதிபதித் தேர்வு எழுதலாமா என்று வரிசையாகக் கேட்கிறார். "மகள் கல்லூரிக்குப் போகிற நேரத்தில் நீ போகிறாயா?" என்று கேட்டுக் கணவர் முட்டுக்கட்டை போடுகிறாராம். ராஜினாமா கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறார்.

அன்புச் சகோதரி,

முதலில் அந்த ராஜினாமா கடிதத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து வீட்டு அலமாரியில் வையுங்கள். கிழிக்கச் சொல்லவில்லை. அடுத்த முறை யாராவது உங்கள் மனம் நோகும்படி பேசும்போது அது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மூன்று முறை படித்தேன். "இத்தனை வருடம் நான் எழுதிய கடிதம் ஒன்றில்கூட என் கையெழுத்து இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டிருக்கும் மற்றக் கேள்விகளுக்கெல்லாம் தாய்க்கேள்வி இதுதான். ஆனால் இந்த வரிக்குள் இரண்டு ஏக்கங்கள் இருக்கலாம். உழைப்புக்கு உரிய பெயர் கிடைக்கவில்லையே என்பது ஒன்று. முடிவை நானே எடுத்து அதற்கு நானே பதில் சொல்ல வேண்டும் என்பது இன்னொன்று. அந்தப் பதில் நோட்டீஸில் உட்பிரிவு எண் பிசகிப் போயிருந்தால், கட்சிக்காரர் முன்னால் தலைகுனிந்து நின்றிருக்க வேண்டியவர் அந்த வழக்கறிஞர், நீங்கள் அல்ல. கையெழுத்துடன் சேர்ந்து வருவது அந்தச் சுமை. வக்காலத்தில் பெயர் எழுதிய நாளிலிருந்து இரவில் படுத்த பிறகும் நாளைய வாய்தா நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கும்.

முதல் ஏக்கம் மட்டும்தான் என்றால் சட்டப் படிப்பு அதற்கு மருந்தல்ல. உங்களைப் போன்றவரின் மதிப்புத் தெரிந்த வேறொரு நிறுவனத்துக்கு, இதைவிட நல்ல சம்பளத்துக்கு மாறினாலே அந்தப் புண் ஆறிவிடும். இரண்டாவது ஏக்கமும் உண்டு என்றால் மேலே படியுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தவரை, உண்டு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. யாரும் கேட்காமலே பத்திரத்தையும் பட்டாவையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தீர்கள். பெயருக்காக ஏங்குகிறவர் அதைச் செய்யமாட்டார்.

வயது, பட்டம்

30 வயது என்ற பேச்சு காற்றில் வந்ததல்ல. 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளில் மூன்றாண்டுப் படிப்புக்கு அப்படி ஒரு வரம்பு எழுதப்பட்டது. அது பலமுறை நீதிமன்றப் படியேறிச் செயல்படாமல் போனது. தமிழ்நாட்டில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கும் மூன்றாண்டு எல்.எல்.பி. சேர்க்கைக்கு வயது வரம்பு இல்லை.

தொலைதூரப் பட்டம் பற்றியும் தேவையில்லாமல் பயந்திருக்கிறீர்கள். பத்தாவதும் பிளஸ் டூவும் முறையாக முடிக்காமல் நேரடியாகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கியவர்களுக்குத்தான் சிக்கல். நீங்கள் படிப்படியாக ஏறி வந்தவர், உங்கள் பி.காம். செல்லும். பொதுப் பிரிவுக்கே 45 சதவீதம் போதும், உங்களிடம் 61 இருக்கிறது. நுழைவுத் தேர்வு கிடையாது. பட்டப்படிப்பு மதிப்பெண்ணையும் இட ஒதுக்கீட்டையும் வைத்துத்தான் இடம் தருகிறார்கள். 2022 முதல் காரைக்குடியிலேயே அரசு சட்டக் கல்லூரி நடக்கிறது. நான் படித்த காலத்தில் சட்டம் என்றாலே மதுரைக்கோ சென்னைக்கோ பெட்டி கட்ட வேண்டும். வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்ப் படிக்கலாம் என்பது இந்த வட்டாரப் பெண்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நினைத்தாலே எனக்கு மனம் நிறைகிறது. விருப்பப் பட்டியலில் அதையே முதலில் போடுங்கள்.

ஆங்கிலம் வராது என்று ஒரு மூலையில் எழுதியிருக்கிறீர்கள். மாவட்ட நீதிமன்றம் வரை தமிழில் வழக்கு நடத்தத் தமிழ்நாட்டு ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976இலேயே இடம் செய்துவிட்டார்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவு ஆங்கிலம் வேண்டும். கல்வித் துறைச் சுற்றறிக்கைகளை 12 வருடமாகப் படித்துப் பதில் எழுதியவருக்கு அது வந்துவிடும்.

கல்லூரிக்குப் போகாமல் வாங்கும் பட்டம்

இந்த இடத்தில் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சட்டப் படிப்பைத் தபாலில் படிக்க முடியாது. ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும் என்பது வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி. காலை முதல் மாலை வரை பள்ளி அலுவலகத்தில் இருப்பவர் அதே நேரத்தில் வகுப்பிலும் இருக்க முடியாது. அப்படியானால் "தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும்" என்று சொல்பவர் உங்களிடம் விற்பது என்ன? நீங்கள் போகாத நாள்களுக்குப் பொய்யான வருகைப் பதிவு. இப்படி விற்கும் கல்லூரிகளை எங்கள் தொழிலில் 'லெட்டர் பேட் கல்லூரி' என்போம். இப்படிப் பட்டம் வாங்கி வந்தவர்களைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை கடிந்து பேசியிருக்கிறது. பார் கவுன்சில் சான்றிதழ்களைச் சரிபார்க்கிறது. ஒரு பக்கம் பள்ளி வருகைப் பதிவேட்டில் உங்கள் கையெழுத்து, மறுபக்கம் எங்கோ முந்நூறு மைல் தள்ளி அதே தேதியில் கல்லூரி வருகை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஓர் எதிரி போதும். வழக்கறிஞருக்கு எதிரிகள் இல்லாமல் இருக்கமாட்டார்கள். தொழிலுக்கு வந்து பத்து வருடம் கழித்துக்கூட அது வெளியே வரலாம். வந்தால் பதிவும் போகும், வழக்கும் வரும்.

சட்ட ஆபத்தை விடுங்கள். பிறர் பதிவேட்டில் ஒரு பிறந்த தேதி தவறாக இருந்தால்கூடத் திருத்தாமல் விடமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கை பொய்ப் பதிவேட்டில் சேரக் கூடாது. அவருக்கு முன்பணம் எதுவும் கொடுத்திருந்தால் உடனே திருப்பிக் கேளுங்கள்.

இதனுடன் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். படித்து முடித்து வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டு, பாதுகாப்புக்காகப் பள்ளி வேலையையும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார் கவுன்சில் விதி 49 அதைத் தடுக்கிறது. தொழில் செய்யும் வழக்கறிஞர் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்க முடியாது. அதே பள்ளி உங்களை வழக்குக்கு இவ்வளவு என்று கட்டணம் கொடுத்து அமர்த்திக்கொள்ளலாம், அது வேறு.

நீதிபதித் தேர்வை மனத்தில் வைத்துப் படிக்கச் சேராதீர்கள். சிவில் நீதிபதித் தேர்வுக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. படிப்பும் அனுபவமும் முடியும்போது உங்களுக்கு 44 ஆகியிருக்கும். தேர்வின் வயது வரம்பு அதற்கு முன்பே உங்களைத் தாண்டிப் போயிருக்கும்.

13 வருடம் வீணா?

"பேப்பர் அடுக்கியே வாழ்க்கை போய்விட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். இதைத்தான் நான் மறுக்க வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் தொழில் கற்ற விதத்தை நினைத்துப் பாருங்கள். பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தாரின் வட்டித் தொழில் நடந்த கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் முதலில் செய்தது எடுபிடி வேலையும் கணக்கு எழுதுவதும்தான். பேரேடு எழுதி, வட்டிச் சிட்டை போட்டு, ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) எடுக்கப் பழகிய பிறகு அடுத்தாள். அதன் பிறகு மேலாள். கடன் கொடுக்கலாமா கூடாதா என்று முடிவெடுப்பவர் அவர். மேலாளின் தீர்மானத்துக்கு வேர் பெட்டியடி காலத்து எழுத்துப் பழக்கத்தில் இருந்தது. அந்த ஏணியில் பெண்பிள்ளைகளை யாரும் ஏற்றவில்லை என்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். நீங்கள் இப்போது நிற்பது அந்த ஏணியின் நடுப்படியில். தரையில் அல்ல.

காரைக்குடி, தேவகோட்டை நீதிமன்றங்களில் வரும் வழக்குகள் எப்படிப்பட்டவை என்று பாருங்கள். முற்றத்தைச் சுற்றி அறைகள் கொண்ட ஒரு வளவு வீடு. கட்டியவர் இறந்து எழுபது வருடம் ஆகியிருக்கும். பங்காளிகள் முப்பது பேர் சென்னை, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று சிதறியிருப்பார்கள். ஒருவர் வீட்டைப் பிரித்துத் தேக்குத் தூண்களைக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு விற்கத் துடிப்பார். இன்னொருவர் முன்னோருக்குப் படைப்பு நடக்கும் வீட்டில் கைவைக்கக் கூடாது என்பார். பாகப்பிரிவினை வழக்குப் போட வேண்டும் என்றால் அந்த முப்பது பேரையும் தரப்பினராகச் சேர்க்க வேண்டும். பிள்ளை கூட்டிக்கொண்ட, அதாவது தத்தெடுத்த, ஒரு கிளையை விட்டுவிட்டால், அவசியமான தரப்பினரைச் சேர்க்கவில்லை என்று வழக்கே விழும். ஒரே பெயர் மூன்று தலைமுறையில் நான்கு பேருக்கு இருக்கும்; முதலெழுத்து மாறியிருக்கும்; ஓர் இறப்புச் சான்றிதழ் வெளிநாட்டில் இருக்கும். வம்சாவளியைப் பிழையில்லாமல் எழுதி, ஆவணங்களைத் தேதி வாரியாக அடுக்கி, இல்லாதது எது என்று கண்டுபிடிப்பதிலேயே பாதி வழக்கு தீர்ந்துவிடும். நீதிமன்றத்தில் அழகாகப் பேசுகிற பல இளைஞர்களுக்கு இது வருவதில்லை. நான் எத்தனையோ ஜூனியர்களைப் பார்த்துவிட்டேன். எதிருரை தாக்கல் செய்ய 30 நாள், நீதிமன்றம் நீட்டித்தால் 90 நாள் என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் எந்தக் கோப்புக்கு அந்த நாள் எப்போது முடிகிறது என்பதைக் குறித்து வைக்கமாட்டார்கள். கல்வித் துறையின் கெடு ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு எங்கள் தொழிலில் என்ன விலை என்று உங்களுக்குத் தெரியவில்லை.

இந்த வட்டாரத்துக்குப் பெண் வழக்கறிஞர்கள் இன்னும் வேண்டும் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989லேயே சட்டம் செய்தது. ஆனால் அதற்கு முன் திருமணமானவர்களை அது விட்டுவிட்டது. 2005 மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டை எடுத்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டில், ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் பாகம் பிரித்துக் கேட்க முடியாது என்றிருந்த 23ஆம் பிரிவையும் நீக்கியது. 2020இல் உச்ச நீதிமன்றம் மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று தெளிவாக்கியது. இவ்வளவுக்குப் பிறகும் "எனக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்றே, பங்கு உண்டா?" என்று கேட்டுக்கொண்டு வரும் பெண்கள், கணவருக்கும் சகோதரனுக்கும் தெரியாமல் வருகிறார்கள். அவர்கள் தேடுவது, உட்கார வைத்து முழுவதையும் கேட்கக்கூடிய ஒரு பெண்ணை.

மாமியாரின் அண்ணன் தேவகோட்டையில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர் என்றும், அவருடைய பழைய சட்டப் புத்தகங்களைப் படிக்கத் தொடங்கியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டமும் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டமும் இன்றும் பயன்படும். திருத்தங்களை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறை, சாட்சியச் சட்டம் மூன்றையும் மூடி வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் அவற்றின் இடத்துக்குப் புதிய சட்டங்கள் வந்துவிட்டன. பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன.

ஒரு தவறையும் சுட்டிக்காட்ட வேண்டும். அந்தப் பதில் நோட்டீஸின் நகலையும் பத்திர நகலையும் உங்கள் திறமைக்குச் சான்றாகக் கடிதத்துடன் இணைத்திருந்தீர்கள். அவற்றைப் படிக்காமல் கிழித்துவிட்டேன். அவை பள்ளியின் ஆவணங்கள். உங்களை நம்பி உங்கள் மேசைக்கு வந்தவை. வழக்கறிஞருக்கு முதல் பாடமே கட்சிக்காரரின் காகிதம் வெளியே போகக் கூடாது என்பதுதான். வீட்டில் வேறு நகல்கள் இருந்தால் அவற்றையும் அகற்றிவிடுங்கள். மனத்தாங்கலில் நிறுவனத்தின் தாள்களை எடுத்துச் சென்றதாக நாளை யாரும் உங்கள் மேல் சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

கணவர் கேட்டது சரியான கேள்வி

அவர் முட்டுக்கட்டை போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அவர் கணக்கர், கணக்குத்தான் கேட்டிருக்கிறார். அதை நாமும் போட்டுப் பார்ப்போம்.

அரசு சட்டக் கல்லூரியின் கட்டணம் பெரிய சுமை அல்ல. நீங்கள் இழக்கப்போகும் சம்பளம்தான் உண்மையான கட்டணம்: மூன்று ஆண்டுக்கு 6,30,000 ரூபாய். வீட்டுச் செலவு வீட்டுக் கடனோடு சேர்த்து மாதம் 33,000 என்று எழுதியிருக்கிறீர்கள். கணவர் சம்பளம் போக 9,000 துண்டு விழும். 36 மாதத்துக்கு 3,24,000. அடுத்த வைகாசியில் எடுக்கப்போகும் சீட்டுப் பணம் 1,50,000. பணிக்கொடையாக (கிராஜுவிட்டி) 97,500 வரும். அந்தக் கணக்கைக் கீழே சொல்கிறேன். இரண்டும் போக 76,500 குறைகிறது. மாதத்துக்கு 2,125. தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு மேல்நிலை முடித்த உங்களுக்கு, வழக்கறிஞர் அலுவலகங்களுக்கு மாலையில் வழக்குரை தட்டச்சு செய்து கொடுத்தால் இதை ஈட்ட முடியும். பாடமும் அதிலேயே கிடைக்கும்.

ஆனால் உண்மையான பள்ளம் அதற்குப் பிறகு வருகிறது. வருகிற கோடையில் நீங்கள் சேர்ந்தால், மகள் பிளஸ் டூ முடிக்கும் ஆண்டில் நீங்கள் பட்டம் வாங்குவீர்கள். அவள் கல்லூரியில் படிக்கும் வருடங்கள்தான் உங்கள் ஜூனியர் வருடங்கள். 2024இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவையொட்டி, ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் 20,000, மற்ற ஊர்களில் 15,000 மாதந்தோறும் கொடுக்க வேண்டும் என்று பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. அதைக் கொடுக்கிறவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் தொழிலுக்கு வந்த முதல் வருடம் பஸ் செலவுக்கே அப்பாவிடம் கேட்டேன். ஆகவே மூன்று வருடம் என்று எண்ணாதீர்கள். ஐந்து வருடம் என்று எண்ணிக் கணவருடன் உட்கார்ந்து ஐந்தொகை போடுங்கள். மகளின் கல்லூரிச் செலவுக்கு எடுத்து வைத்திருப்பதைத் தொடமாட்டேன் என்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள். பட்டம் முடிந்ததும் வழக்கறிஞராகப் பதிவதற்கு ஆயிரக்கணக்கில் கேட்பார்கள் என்ற பயம் இனி வேண்டாம். பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய் என்று சட்டம் சொன்னதற்கு மேல் வாங்கக் கூடாது என உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது. பதிவுக்குப் பின் அகில இந்திய பார் தேர்வையும் எழுத வேண்டும்; படித்தவர்களுக்கு அது மலையல்ல.

இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை என்றால் வேலையை விடாமலே போகக்கூடிய வழியும் இருக்கிறது. வணிகவியல் பட்டதாரி, பிறருக்காக ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் பதிவு செய்து, அதற்குரிய தேர்வை எழுதலாம். புதுவயல் ஆலைகளையும் காரைக்குடிக் கடைகளையும் நம்பித் தொடங்கலாம். அதுவும் உங்கள் கையெழுத்துத்தான். நிலப் பத்திரத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் ஆர்வம் வரிக் கணக்கைப் பற்றி எழுதிய இரண்டு வரியில் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் வீட்டின் நிலையை அறிந்தவர் நீங்கள்.

பள்ளியிலிருந்து வர வேண்டியவை

ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தவர் தாமாக விலகினாலும் பணிக்கொடை உண்டு. தனியார் பள்ளி அலுவலக ஊழியர்களுக்கும் இது பொருந்தும். "ராஜினாமா செய்தால் கிடைக்காது" என்று மேலாளர் சொன்னது தவறு. 13,000ஐ 26ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி 500. ஆண்டுக்கு 15 நாள் வீதம் 7,500. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி முழு ஆண்டாகக் கணக்காகும் என்பதால் 12 ஆண்டு 8 மாதம் 13 ஆண்டாகிறது, 97,500 ரூபாய். விலகிய 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாமதித்தால் வட்டி உண்டு.

வருங்கால வைப்பு நிதியில் பத்து ஆண்டு முடிந்துவிட்டதால் உங்களுக்கு ஓய்வூதிய உரிமை உறுதியாகிவிட்டது. அதற்கான திட்டச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிதியில் இருக்கும் பணத்தை எடுத்துச் செலவழிக்கும் யோசனை வேண்டாம்.

சேர்ந்த நாளில் கொடுத்த பிளஸ் டூ, பட்டச் சான்றிதழ்களின் அசல் பள்ளி பீரோவில் இருக்கிறது என்கிறீர்கள். அவற்றைப் பிடித்து வைக்க எந்த நிறுவனத்துக்கும் உரிமை இல்லை. சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் கல்லூரிகளிடம் சொல்லியிருக்கிறது. சட்டம் பேசுவதற்கு முன், வேறொரு காரணத்துக்குத் தேவை என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். விலகப் போவதைச் சொல்வது அதற்குப் பிறகு. சேர்க்கை உத்தரவு கைக்கு வந்தபின், நியமன ஆணையில் சொன்ன முன்னறிவிப்புக் காலத்தைக் கணக்கிட்டு, இரண்டே வரியில் ராஜினாமா எழுதுங்கள். பொன்னாடையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் வேண்டாம். விடுவிப்பு ஆணையையும் அனுபவச் சான்றிதழையும் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

கோடைக்கு முன்

சேர்க்கை அறிவிப்புகள் கோடையில்தான் வரும். அதுவரை இருக்கும் மாதங்களில் இரண்டு காரியங்களைச் செய்து பாருங்கள். முதலாவது, இலவச சட்ட உதவி தரும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் சட்டத் தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுக்க அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள். முதியோர் உதவித்தொகைக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் அலையும் மனிதர்களின் எதிரில் உட்கார்ந்து, அவர்கள் அழுகையையும் குழப்பத்தையும் கேட்டு, அதிலிருந்து ஒரு மனுவை எடுக்க முடிகிறதா என்று பார்க்கலாம். பள்ளியில் உங்களிடம் வருவது காகிதம். இங்கே வருவது மனிதர். காகிதம் பிறகுதான் வரும்.

இரண்டாவது, உங்களிடம் மீதமிருக்கும் தற்செயல் விடுப்புகளை நீதிமன்றத்தில் செலவழியுங்கள். குடும்ப வழக்கு, குழந்தைகள் தொடர்பான வழக்கு போன்றவை தவிர மற்ற விசாரணைகளை யாரும் உட்கார்ந்து பார்க்கலாம். அனுமதிச் சீட்டு தேவையில்லை. முன்சீப் கோர்ட்டில் பத்தரை மணிக்கு அழைப்பு தொடங்கும். முதல் ஒரு மணி நேரம் வாய்தா மட்டுமே போகும், சலிப்பாக இருக்கும், எழுந்து வந்துவிடாதீர்கள். குறுக்கு விசாரணை உள்ள வழக்கு வரும்வரை காத்திருங்கள். சாட்சி ஒரு பதில் சொன்னதும், அடுத்து என்ன கேள்வி கேட்க வேண்டும் என்று உங்கள் நோட்டில் எழுதுங்கள்; பிறகு வழக்கறிஞர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். நான்கைந்து நாள் இப்படிச் செய்த பிறகு அந்த நோட்டுடன் எனக்கு மறுபடியும் எழுதுங்கள். மாமியாரையும் ஒரு நாள் அழைத்துப் போங்கள். அண்ணன் வேலை பார்த்த இடத்தை அவர் உள்ளே போய்ப் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தீர்களே.